பேருதான் பிரேக் ஆயில்

எண்ணெய் பெயின்ட்டைத் தின்னாது. ஸ்ரீரங்கத்தில் எண்ணெய்க் கடை வைத்திருக்கும் எனக்கு இதை யாரும் வந்து சொல்லித் தர வேண்டியதில்லை. நல்லெண்ணெய் கொட்டினால் பிசுக்கு ஏறும். தேங்காய் எண்ணெய் கொட்டினால் வழுக்கி விழுவோம். பெயின்ட் உரியாது. ஆனால் பால்கனியில் நீல பெயின்ட் அடித்த இரும்பு அலமாரியில், அந்தப் பாட்டில் நின்ற இடத்தைச் சுற்றி, வெந்த தோல் மாதிரி பெயின்ட் சுருண்டு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி காயப்போடப் போன நான் ஈரப் புடவையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

அந்தப் பாட்டில் டோனி கொடுத்தது. டோனி உறையூரில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். அதாவது, இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டும் வித்தையில் தொடங்கி, கடைக்குள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு உட்காருவது வரை எல்லாம் தெரிந்தவன். எனக்கு அவனை முதல் நாளே பிடிக்கவில்லை.

என் மகள் யாழினி கல்லூரியில் கடைசி வருஷம். அவள் அவனிடம்தான் ஒரு பழைய வெளிநாட்டு சைக்கிள் வாங்கினாள். அதன் பிரேக்குக்குக் கம்பி கிடையாது. மெல்லிய குழாய்க்குள் எண்ணெய்தான் ஓடும். நாம் பிடியை அழுத்தினால் அந்த எண்ணெய் போய் சக்கரத்தைப் பிடிக்க வைக்கும். குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் பிரேக் இட்லி மாதிரி அமுங்கும். அப்போது ஊசி போடும் சிரிஞ்சால் புது எண்ணெயை ஏற்றி, பழசையும் காற்றையும் வெளியே தள்ள வேண்டும். அதற்குப் பெயர் பிளீடிங்காம். அந்த வார்த்தையே எனக்கு நல்ல சகுனமாகப் படவில்லை.

"என்ன எண்ணெய்டா இது?" என்று அன்றைக்கே அவனைக் கேட்டேன்.

"மினரல் ஆயில்க்கா."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தொழிலில் மினரல் ஆயில் என்றால் கலப்படம். நல்லெண்ணெயில் அதைக் கலந்து விற்றவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் மாட்டிக்கொண்டதும் தெரியும். அதை ஒருவன் வெட்கமில்லாமல் வாயைத் திறந்து சொல்கிறான்! அதுவும் பெரிய கேனிலிருந்து ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தான். சீல் இல்லை, லேபிள் இல்லை. மூடியைத் திறந்து பார்த்தால் ரோஸ் மில்க் மாதிரி சிவப்பு. சாயம்!

"இதை நான் நம்ப மாட்டேன். மினரல் ஆயிலாம், சாயமாம். கடையில சீல் வெச்ச பிரேக் ஆயில் கிடைக்காதா என்ன?" என்று வீட்டுக்கு வந்து கத்தினேன். யாழினி காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள். என் கணவர் ராமர் மட்டும் தலையாட்டினார். அவருக்கு வெளுத்ததெல்லாம் பால். பாத்திரக்காரன், கேபிள்காரன், லாட்டரிக் குறுஞ்செய்தி அனுப்புகிறவன் எல்லாரும் அவருக்கு நல்லவர்கள். வீட்டில் ஒருத்தியாவது விழித்துக்கொண்டிருக்க வேண்டாமா?

பின்பக்க பிரேக்குக்கு யாழினியே எண்ணெய் ஏற்றினாள். அதற்குள் பரீட்சை வந்துவிட்டது. முன்பக்கத்தைப் பிறகு பார்க்கிறேன் என்றவளிடம், "நீ படிம்மா, நான் வீடியோ பாத்து ஏத்தி வெக்கிறேன்" என்று இவர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ஏற்றியும் வைத்தார். அது நடந்து இரண்டு வாரம் இருக்கும்.

இன்றைக்கு யாழினி பச்சைமலையில் இருந்தாள். கல்லூரி சைக்கிள் கூட்டத்தோடு விடியற்காலையிலேயே வேனில் துறையூர் பக்கம் போய், சைக்கிளை மிதித்து மலை ஏறி, மேலே டிபன் சாப்பிட்டுவிட்டு மலைப்பாதையின் வளைவுகளில் சைக்கிளிலேயே கீழே இறங்குவதாகத் திட்டம். ஏறுவதற்குக் கால் போதும். இறங்குவதற்கு பிரேக் வேண்டும்.

ஈரப் புடவையைக் கொடியில் எறிந்துவிட்டு பாட்டிலை எடுத்தேன். டம்ளரில் தண்ணீர் பிடித்து, அதில் கொஞ்சம் ஊற்றினேன். எந்த எண்ணெயாக இருந்தாலும் மிதக்க வேண்டும். அது உலக நியாயம். இது மிதக்கவில்லை. பாகு கரைகிற மாதிரி நெளிந்து நெளிந்து இறங்கி, இருந்த இடம் தெரியாமல் தண்ணீரோடு கலந்துவிட்டது. அதைவிட மோசம், சிவப்பையும் காணோம். லேசான மஞ்சளில், வெளிறிப்போய் இருந்தது.

சாயம் வெளுத்துப் போச்சு! டோனி, உன் சாயம் வெளுத்துப் போச்சுடா!

"என்னங்க, வண்டிய எடுங்க" என்று கத்தினேன்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த ராமர் எட்டிப் பார்த்தார். என் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் அதை அப்போது கவனித்தேன், ஆனால் அவர் வழக்கமாகவே ஒரு மாதிரிதான் இருப்பார் என்பதால் விட்டுவிட்டேன்.

"எங்க?"

"உறையூருக்கு. அந்த டோனி தண்ணியில கரையற எண்ணெயக் குடுத்திருக்கான். எம்பொண்ணு அந்த பிரேக்க நம்பி மலையில நிக்கிறா."

"ஞாயித்துக்கிழமை, கடை இருக்காதேம்மா..."

"கடை இல்லாட்டி வீடு இருக்கும்ல?"

போகும் வழியெல்லாம் யாழினிக்குப் போன் போட்டேன். மாம்பழச்சாலை சிக்னலில் நின்றபோதும் போட்டேன், காவிரிப் பாலத்தின் மேல் காற்றில் புடவை பறக்கப் பறக்கவும் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாளாம். மலையில் டவர் அங்கொன்று இங்கொன்றுதான். ராமர் வண்டியை எருமை மாடு ஓட்டுவது போல் ஓட்டினார். சீக்கிரம் போங்கள் என்றால், "போயிட்டுத்தானம்மா இருக்கேன்" என்றார்.

டோனியின் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. பார்த்தீர்களா, ஓடிவிட்டான்! எனக்குத் தெரியும். பெண் மலை ஏறுகிற நாள் பார்த்துக் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்றால் என்ன அர்த்தம்? நெருப்பில்லாமல் புகையுமா? ஷட்டரை இரண்டு தட்டு தட்டினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

அப்போது தெருமுனையில் வெள்ளைச் சட்டையும் பேன்ட்டுமாக டோனியே நடந்து வந்தான். கையில் ஜெபமாலை.

"பூசை முடிஞ்சு வரேன்க்கா. என்ன காலங்காத்தால?"

"பூசையா? பாவத்தக் கழுவப் போனியா?" என்றேன். "இந்தா, இது உன் எண்ணெய்தானே? தண்ணியில ஊத்தினேன், கரையுது. கிரில்லு, அலமாரி எல்லாத்து பெயின்ட்டையும் தின்னுடுச்சு. கொடுக்கும்போது செக்கச் செவேல்னு இருந்துச்சு, இப்ப சாயம் வெளுத்துப் போச்சு. ஊரான் வீட்டுப் பொண்ணுன்னா உனக்கு அவ்வளவு இளக்காரமா?"

கிரில் நன்றாகத்தான் இருந்தது. கோபத்தில் சேர்த்துக்கொண்டேன்.

டோனியும் சும்மா இருப்பவன் இல்லை. "யக்கா, வார்த்தைய அளந்து பேசுங்க. பத்து வருஷமா கடை வெச்சிருக்கேன். ஒருத்தன் ஒரு குத்தம் சொன்னதில்ல" என்று அவனும் குரலை உயர்த்தினான். பிறகு பாட்டிலைப் பிடுங்கித் திறந்து, விரலில் தொட்டு, உரசி, முகர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் கோபம் போய் வேறு ஏதோ வந்தது.

"பாட்டில் என்னுதுதான். உள்ள இருக்கிறது என்னுது இல்ல."

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காத."

"சத்தியமாக்கா. என்னுது சிவப்பு. இது கார், பைக்குக்கு ஊத்துற பிரேக் ஆயில். யாரோ இதுல மாத்தி ஊத்தியிருக்காங்க."

"எங்க வீட்டுல யாரு மாத்தப் போறா? அலமாரியில வெச்சது வெச்ச இடத்துல இருக்கு. பூனையா வந்து மாத்துச்சு?"

"நான் அந்தப் பாட்டிலத் தொடவே இல்லையே!" என்றார் ராமர்.

நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். யாருமே அவரைக் கேட்கவில்லை. அவர் வண்டியின் பக்கத்தில், சாலையில் போகும் பஸ்ஸைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். தொடாமல் எப்படி முன்பக்க பிரேக்குக்கு எண்ணெய் ஏற்றினாராம்?

"என்னங்க," என்றேன். எனக்கே என் குரல் கேட்கப் பிடிக்கவில்லை. "என்ன பண்ணினீங்க?"

அவர் செருப்பைக் கழற்றினார், மாட்டினார். பிறகு பஸ்ஸிடமே சொன்னார். "அன்னைக்கு ஏத்தலாம்னு எடுத்தேன். கை தட்டி அவ்வளவும் கீழ கொட்டிடுச்சு. தொடச்சுட்டேன். பாலக்கரையில மோட்டார் சாமான் கடையில போயி பிரேக் ஆயில் குடுங்கன்னு கேட்டேன். நல்ல கம்பெனி, சீல் வெச்சுக் குடுத்தான். அதத்தான் இந்தப் பாட்டில்ல ஊத்தி வெச்சேன். நீதானே சொன்ன, இது கலப்படம், சீல் வெச்ச பிரேக் ஆயில்தான் நல்லதுன்னு?"

"கொட்டிப் போச்சுன்னு எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா?" என்றார் ராமர். இப்போதுதான் என்னைப் பார்த்தார். "எப்படிக் கொட்டுச்சு, ஏன் கொட்டுச்சு, உண்மையிலேயே கொட்டுச்சா, இல்ல யாருக்காவது குடுத்துட்டீங்களான்னு கேப்ப. குடையத் தொலைச்சதுக்கே ஒரு வாரம் கேட்ட, லதா. அது இன்னும் உனக்குத் தீரல."

அந்தக் குடை விஷயத்தில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது என்பது உண்மைதான்.

டோனிக்கு எங்கள் குடும்பச் சண்டை வேண்டியிருக்கவில்லை. "யண்ணே, பேருதான் பிரேக் ஆயில். அது ஆயிலே இல்லண்ணே" என்று தலையில் அடித்துக்கொண்டான். "நம்ம ஊர்ல எல்லாரும் ஆயில்னு சொல்லிப் பழகிட்டோம். அது ஒரு கெமிக்கல். அதான் தண்ணியில கரையுது, பெயின்ட்டத் தின்னுது. காருக்கும் பைக்குக்கும் அதுதான் கரெக்ட்டு. சில கம்பெனி சைக்கிளுக்குக்கூட அதத்தான் ஊத்தணும். ஆனா யாழினி சைக்கிளுக்கு மினரல் ஆயில் மட்டும்தான். மாத்தி ஊத்தினா உள்ள இருக்கிற ரப்பரெல்லாம் ஊதிப் போயிடும். பிரேக் பிடிச்சா விடாது. இல்ல, ஒழுகிப் போயி பிடிக்கவே பிடிக்காது. எது எப்ப நடக்கும்னு சொல்ல முடியாது. அவ எங்க இப்ப?"

"பச்சைமலையில."

அவன் சிலுவை போட்டுக்கொண்டான். அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. இவ்வளவு நேரமும் நான் பயந்தது பொய்யான டோனியைப் பார்த்து. இப்போது மெய்யான டோனியே பயந்துவிட்டான். மினரல் ஆயில் என்றாலே கலப்படம் என்று வீடெல்லாம் கேட்கக் கத்தியது யார்? அதைக் காதில் வாங்கிக்கொண்டு பாலக்கரைக்குப் போனவர்தான் என் எதிரே செருப்பை மாட்டிக் கழற்றிக்கொண்டு நிற்கிறார்.

மறுபடி போன் போட்டேன். கடவுளே, ரிங் போனது!

"அம்மா? சாப்பிட்டுட்டு இருக்கேன். என்ன?" பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"யாழினி, சைக்கிள்ல கீழ இறங்காத. பிரேக்குல தப்பான எண்ணெய் போயிருக்கு. முன் பிரேக் வேலை செய்யாது."

"ஆரம்பிச்சுட்டியா?"

"இல்லடி, நெஜமா..."

"முந்தாநாள் மலையில கரடி இருக்குன்ன. நேத்து, கூடப் படிக்கிற சித்தார்த்தன் குடிச்சுட்டு வண்டி ஓட்டுவான்ன, அவன் டீகூடக் குடிக்க மாட்டான். இன்னைக்கு பிரேக்கா?"

"யாழினி, இது நெஜம்டி. எங்கண்ணால பாத்தேன். தண்ணியில கரையுது."

"எல்லாத்தையும் நெஜம்னுதாம்மா சொல்லுவ. நான் வெச்சுடறேன், எல்லாரும் கிளம்புறாங்க."

"உங்கப்பா பேசுவாரு, இரு," என்று ராமரிடம் நீட்டினேன். அவர் பேசுமுன்பே அவள் சொல்வது கேட்டது. "அப்பாவ நீ பக்கத்துல நின்னு பேச வெக்கிற. எனக்குத் தெரியாதா?"

ஐயோ. நாற்பத்தேழு வயது வரைக்கும் ஒருத்தரையும் நம்பாமல் கெட்டிக்காரியாக இருந்தவள் நான். என்னை ஒருத்தி நம்பியாக வேண்டிய அந்த ஒரு நிமிஷத்தில், என் பேச்சுக்கு ஒரு காசு மதிப்பில்லை. அதுவும் நான் பெற்ற பெண்ணிடம்.

டோனியைப் பார்த்தேன். சற்று முன்பு பாவத்தைக் கழுவப் போனாயா என்று கேட்ட அதே டோனி.

"தம்பி, நீ சொல்லுப்பா," என்றேன். "உன்னை நம்புவா. உன் கால்ல விழறேன்."

"போனக் குடுங்கக்கா," என்று வாங்கி ஸ்பீக்கரில் போட்டான். "யாழினி, டோனி பேசறேன். வெச்சுடாத. முன் பிரேக்கை ஒரு தடவை நல்லா அழுத்தி விட்டுப் பாரு. லீவர் திரும்பி வருதா?"

ஏதோ உரசும் சத்தம். அவள் சைக்கிளுக்கு நடந்து போகிறாள்.

"வருதுண்ணா... மெதுவா வருது. காலையில இருந்தே அப்படித்தான். மலைக் குளிருக்குன்னு நெனச்சேன்."

"குளிருக்கு இல்ல. உள்ள ரப்பர் போயிடுச்சு. கைப்பிடி கிட்ட ஈரமா இருக்கா பாரு."

இந்த முறை அவள் நேரம் எடுத்துக்கொண்டாள். சிரிப்புச் சத்தம் அடங்கியிருந்தது.

"இருக்கு," என்றாள். குரல் சின்னப் பிள்ளைக் குரலாக இருந்தது. "அண்ணா, பெயின்ட்டு உரிஞ்சிருக்கு."

"உருட்டிக்கிட்டுக்கூடக் கீழ வராத. ஏறி உக்காரவே கூடாது. ஏதாவது வண்டி..." என்று டோனி சொல்லும்போதே தொடர்பு அறுந்தது.

மறுபடி போட்டோம். எல்லைக்கு வெளியே. மறுபடி. எல்லைக்கு வெளியே. டோனி ஷட்டரைத் தூக்கி, எனக்கு ஒரு ஸ்டூல் போட்டான். ராமர் வாசலிலேயே நின்றார். உட்காருங்கள் என்று நானும் சொல்லவில்லை, அவரும் உட்காரவில்லை. அவள் கேட்டாளா, கேட்கவில்லையா? கேட்டாலும் கூட இருப்பவர்கள் மெதுவாக இறங்கலாம் வா, பின் பிரேக்கு இருக்கிறதே என்று சொன்னால்? இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கு வளைவு எல்லாம் விளையாட்டு. மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவாக என் மனசு இறங்கிக்கொண்டிருந்தது. ரங்கநாதா, இந்த ஒரு தடவை நான் சந்தேகப்படுவது பொய்யாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்படி நான் வேண்டியதே இல்லை.

டோனி டீ வாங்கி வந்தான். டீ ஆறி ஆடை படிந்தது.

பிறகு போன் சிணுங்கியது. படம் ஒன்று வந்திருந்தது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய மினி லாரி, கிழங்கு மூட்டைகளின் மேல் படுத்திருக்கும் அந்த சைக்கிள், அதன் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் யாழினி. முகத்தில் வெயில். கீழே ஒரே வரி: "டோனி அண்ணா சொன்னதால லாரியில வரேன்."

நான் அந்த வரியை இரண்டு முறை படித்தேன். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஊரான் கடையில், ஊரான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். டோனி ரொம்ப மும்முரமாக ஒரு சக்கரத்தைத் துடைத்தான்.

கிளம்பும்போது, "டோனி, நான் பேசினதெல்லாம்..." என்று ஆரம்பித்தேன்.

"விடுங்கக்கா. அடுத்த தடவை பாட்டில்ல பேர் எழுதி ஒட்டிக் குடுக்கறேன். அது என் தப்புதான்." பிறகு கூலிங் கிளாஸை எடுத்து மாட்டிக்கொண்டான். அது இல்லாமல் அவனால் பெருந்தன்மையாக இருக்க முடியாது போலிருக்கிறது.

யாழினி சாயங்காலம் வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. வாசலிலேயே சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "ஒரு டம்ளர்ல தண்ணி கொண்டா" என்றாள். குடிக்கத்தான் என்று நினைத்துக் கொண்டுபோனேன். பையிலிருந்து சிரிஞ்சை எடுத்து, முன்பக்க பிரேக்கிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி, அந்தத் தண்ணீரில் விட்டாள். அது நெளிந்து இறங்கிக் கரைவதை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். டோனி சொன்னதைக்கூட அவள் அப்படியே நம்பிவிடவில்லை. அவள் டம்ளரைப் பிடித்திருந்த விதம் எனக்கு ரொம்பத் தெரிந்த விதமாக இருந்தது.

"யார் ஊத்தினது?"

ராமர் கதவோரம் நின்றார். அவர் மகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். சாவின் விளிம்பு வரை போய் வந்தது அவள். ஆனால் அவர் பயந்தது என்னைப் பார்த்து.

"சொல்லுங்க," என்றேன். "நான் நடுவுல பேச மாட்டேன்."

அவர் சொன்னார். கை தட்டியது, துடைத்தது, பாலக்கரைக்குப் போனது, சீல் வைத்த பாட்டில், எல்லாம். நடுவில் எனக்குக் கேட்பதற்கு எத்தனையோ இருந்தன. துடைத்த துணி எங்கே? பாலக்கரைக்கு எப்போது போனார், அன்றைக்குக் கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டுப் போனாரே, அதுவும் பொய்யா? மீதி பிரேக் ஆயிலை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்? நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் பேசி முடித்து மூச்சு விட்டார். எத்தனையோ நாள் கழித்து அவர் தோள் இறங்கியதைப் பார்த்தேன்.

யாழினி அவரை ஒன்றும் சொல்லவில்லை. "போப்பா, உனக்கு ஒரு பாட்டிலக் கொட்டாம எடுக்கத் தெரியாது" என்றதோடு சரி. பிறகு என் பக்கம் திரும்பி, தலையிலிருந்து கால் வரை என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அம்மா, நீ ஏன் ஒண்ணும் கேக்காம நிக்கிற?" என்றாள். "எதை மறைக்கிற?"